பஞ்சாமிர்தம் தின்ற காவல்காரன்

ஆனைமடுக் குளக்கரையில் ஒரு நீர்மத்தி மரம். அதன் உச்சிக் கிளையில் நெடுவாலன் என்ற சாம்பல் மந்தி குடியிருந்தான். கறுத்த முகம், வெளுத்த புருவம், கிளைக்குக் கீழே கயிறுபோலத் தொங்கும் வால் எல்லாம் அவனுக்கு உண்டு. ஆனால் யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது அவன் தொந்திதான்.

வெயில் ஏறுவதற்குள் அவன் கொழுந்து இலைகளைத் தின்று முடித்துவிடுவான். பிறகு கிளைக் கவட்டையில் முதுகைச் சாய்த்து, தொந்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவான். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பொழுது சாயும்வரை இடத்தை விட்டு நகரமாட்டான். அவ்வப்போது ஓர் ஏப்பம் மட்டும் வரும்.

உடனே அவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். இலை லேசில் செரிக்கிற பொருளா என்ன? அதில் முழுக்க நார். மந்தியின் வயிறோ ஊற வைக்கிற பானை மாதிரி. இலை அதற்குள் கிடந்து ஊற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உயிர்கள் உள்ளே இருந்துகொண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் புளிக்கவைத்துக் கரைத்துக் கொடுக்கும். அவற்றை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அதனால்தான் நெடுவாலனும் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தான்.

அப்படி உட்கார்ந்திருப்பவன் சும்மா இருப்பானா? நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கேதான் அவனுக்கும் புள்ளிமான்களுக்கும் ஓர் உடன்படிக்கை இருந்தது. மேலே கண் அவனுடையது, கீழே மூக்கு அவர்களுடையது. அவன் பாதி கடித்துப் போடும் கொழுந்துகள் மான்களுக்கு. பதிலுக்கு, அவன் கண்ணுக்கு எட்டாத புதருக்குள் ஏதாவது பதுங்கினால் மான்கள் மோப்பம் பிடித்துச் சொல்லும். உச்சி வெயிலில் மான்கள் தண்ணீர் குடிக்க இறங்கும்போது நெடுவாலன் உச்சிக் கிளையில் இருந்தாக வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

குளத்துக்கு அக்கரையில் பாறை இடுக்கில் ஒரு சிறுத்தை இருந்தது. அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு பட்டினி. எப்போது புல்லுக்குள் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினாலும், மேலிருந்து "கஹ்! கஹ்!" என்று கத்தல் வந்துவிடும். மான்கள் ஓடிவிடும்.

"அந்தத் தொந்தி மட்டும் அங்க இல்லேன்னா!" என்று சிறுத்தை பல்லைக் கடிக்கும்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, காட்டோரக் கோயிலில் திருவிழா வந்தது.

திருவிழா என்றால் பொக்கணனுக்குக் கொண்டாட்டம். பொக்கணன் ஒரு நாட்டுக்குரங்கு. இரண்டு கன்னத்திலும் பை வைத்துக்கொண்டு பிறந்தவன். கிடைத்ததையெல்லாம் முதலில் கன்னத்தில் திணித்துக்கொள்வான், தின்பது பிறகு. அன்று காலை கன்னம் இரண்டும் புடைக்க, கையில் ஒரு சீப்புப் பழத்தோடு நீர்மத்தி மரத்துக்கு வந்து சேர்ந்தான்.

"என்ன பானையண்ணே, உலை வெச்சாச்சா?"

நெடுவாலனுக்குச் சுருக்கென்றது. "யாரடா பானை?"

"வேற யாரு? காலையில இலையைத் திணிக்கிறே, சாயங்காலம் வரைக்கும் அது வேகுதான்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்கே! என்னைப் பாரு. பழம் தின்னேன்னா, அடுத்த மரத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வயித்துல இடம் வந்துரும். அப்புறம் இன்னொரு பழம். தாவலாம், ஆடலாம், கூரைமேல ஏறலாம். நீ என்னிக்காவது ஆடியிருக்கியா?"

நெடுவாலன் யோசித்துப் பார்த்தான். ஆடியதாக நினைவில்லை. அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஓர் ஏப்பம் வந்தது. பொக்கணன் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நெடுவாலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரு பழம் குடு பாப்போம்" என்றான்.

நன்கு கனிந்த வாழைப்பழம். தோலை உரித்ததுமே வாசனை மூக்கைத் துளைத்தது. மந்திகள் காய் தின்னும், கொழுந்து தின்னும், பூ தின்னும். இப்படிக் கனிந்து குழைந்த பழத்தை அவன் அதுவரை வாயில் வைத்ததில்லை. நாக்கில் பட்டதும் அவனுக்குக் கண் இரண்டும் செருகிவிட்டது.

அன்று அவன் இலை தின்னவில்லை. பழமாகவே தின்றான். உடம்பு பஞ்சாகிவிட்டதுபோல இருந்தது. கிளைக்குக் கிளை தாவினான். வாலைச் சுழற்றிக்கொண்டு ஆடினான். "ஆடிட்டான்யா பானையண்ணன்!" என்று பொக்கணன் கைதட்டினான்.

ஆனால் வெயில் சற்று ஏறியதும் வயிறு கபகபவென்றது. நெடுவாலனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த நேரத்தில் அவனுக்கு ஒருபோதும் பசித்ததே இல்லை. தரையில் உதிர்ந்து கிடந்த பழத்தோலையாவது நக்கலாம் என்று கீழே இறங்கினான்.

அங்கே செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் அந்தக் கூட்டத்துப் பெண்மான். அவளுடைய குட்டி மின்னி, பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, புல்லுக்குள் சுருண்டு படுத்திருந்தது.

"தம்பி, கீழ என்ன வேலை? நாங்க தண்ணிக்குப் போற நேரமாச்சே!"

"பசிக்குது அக்கா."

"பசிக்குதா? இந்நேரத்துலயா? காலையில இலை கிடைக்கலையா?"

"இலை எதுக்கு? இப்ப நான் பழம்தான் திங்கறேன். பாத்தியா, எவ்வளவு லேசா இருக்கேன்!" என்று ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டினான்.

செவ்வந்தி சிரிக்கவில்லை. வாயில் இருந்ததை அசைபோட்டபடியே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கும் உன்னை மாதிரிதான் தம்பி. தின்னதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மென்னு மென்னு முழுங்கறேன். அந்த நேரம் படுத்துத்தான் கிடக்கணும். அதுக்கு நான் வெக்கப்படறதில்ல. நீ கனமா உக்காந்திருக்கறதாலதான் நாங்க நிம்மதியா தண்ணி குடிக்கறோம். நீ லேசாயிட்டா எங்க பாடு திண்டாட்டம்."

"என்னைக் கட்டிப்போட்ட பானைன்னு நினைச்சியா?" என்று நெடுவாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஐயோ, அப்படிச் சொல்லலை. நீ என்ன வேணா தின்னு. நாளைக்கு மின்னியை முதல்முறையா தண்ணிக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்த நேரத்துக்கு மட்டும் மேல இரு. அது போதும்."

புல்லுக்குள்ளிருந்து மின்னி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. நெடுவாலனுக்கு மனசு இளகிவிட்டது.

"இருப்பேன் அக்கா. என் வால்மேல ஆணை!"

அவன் மரம் ஏறிப் போவதை அக்கரையிலிருந்து இன்னொரு ஜோடிக் கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. "காவல்காரன் கீழே இறங்க ஆரம்பிச்சுட்டானா?" என்று சிறுத்தை நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டது.

மறுநாள் காலை நெடுவாலன் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு, பழைய வழக்கப்படி வயிறு நிறைய இலை தின்றான். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பொக்கணன் வந்துவிட்டான். அன்று திருவிழாவின் பெரிய நாள். அவன் கையில் இலைத் தொன்னைகள். தொன்னை நிறையப் பஞ்சாமிர்தம். இடுக்கிய கக்கத்தில் வடைகள்.

"வேண்டாம்டா. பழம் தின்னா மத்தியானம்வரை தாங்கமாட்டேங்குது. எனக்கு இன்னிக்கு முக்கியமான வேலை இருக்கு."

"அட, தாங்கறதுதான் வேணுமா? அதை முதல்லயே சொல்ல வேண்டாமா!" பொக்கணன் பெரிய வைத்தியன்போலத் தலையை ஆட்டினான். "இனிப்பு ஓடிரும். எண்ணெய் ஓடாது. கோயிலுக்கு வர்றவங்களைப் பாரு, வடையைத் தின்னுட்டு மண்டபத்துல எப்படிச் சாயறாங்க! இந்தப் பஞ்சாமிர்தத்துல நெய்யும் கிடக்கு. முதல்ல இதை அடிச்சு விடு, மேல நாலு வடையைப் போட்டு மூடிடு. பொழுது சாயற வரைக்கும் பசியே எடுக்காது. ஆணியடிச்ச மாதிரி மேலயே உக்காந்திருக்கலாம்!"

பொக்கணன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எண்ணெயும் நெய்யும் வயிற்றை விட்டு லேசில் கிளம்பாது. ஆனால் யார் வயிறு, அதற்குள் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்றெல்லாம் அந்த வைத்தியர் கேட்கவில்லை.

நெடுவாலனுக்கோ நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. ஒரு தொன்னையை வழித்து நக்கினான். இன்னொன்று. மேலே வடை. கன்னத்தில் பை இல்லாதவன், ஒவ்வொன்றையும் நேரே உள்ளே தள்ள வேண்டியிருந்தது. தள்ளினான்.

மரத்தில் ஏறும்போதே மூச்சு வாங்கியது. உச்சிக் கிளையில் உட்கார்ந்து தொந்தியை மடியில் போடப் பார்த்தான். மடி போதவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். அடியில் காலையில் தின்ற இலை. அது நகர நேரமாகும். நடுவில் வெல்லமும் தேனும் பழமும். இலையைப் பொறுமையாய்க் கரைத்துக்கொண்டிருந்த அந்தக் குட்டி உயிர்களுக்கு இப்படி ஓர் இனிப்பு கிடைத்தால் விடுமா? தலைகால் புரியாமல் அதன்மேல் விழுந்து புளிக்கவைத்தன. வயிற்றுக்குள் காற்றாய்ப் பொங்கியது. வெளியே போகலாம் என்றால் மேலே எண்ணெயும் நெய்யும் மூடி போட்டதுபோலக் கிடந்தன. தொந்தி மத்தளமாக உப்பிக்கொண்டே வந்தது. எப்போதும் கேட்காமலே வருகிற ஏப்பம், அன்று கெஞ்சியும் வரவில்லை.

"பொக்கணா! எனக்கு என்னமோ பண்ணுதுடா!"

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே! நானும் அதேதான் தின்னேன்" என்று சொல்லிவிட்டு, பொக்கணன் அடுத்த தொன்னைக்குக் கோயில் பக்கம் ஓடிவிட்டான்.

உச்சி வெயில் வந்தது. மான்கள் வரிசையாகக் குளத்துக்கு இறங்கின. செவ்வந்தி அண்ணாந்து பார்த்தாள். உச்சிக் கிளையில் தொந்தி தெரிந்தது. "இருக்கான், வா" என்று மின்னியை முன்னால் தள்ளினாள். மின்னி தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துத் திகைத்து, ஒரு துள்ளு துள்ளியது.

அன்று பார்த்துக் காற்று மான்களின் முதுகுப் பக்கமிருந்து குளத்தை நோக்கி வீசியது. எதிர்ப் பக்கத்தில் இருக்கும் எதன் வாசனையும் மான்களுக்கு வராது. மேலே இருக்கும் கண்ணை நம்பித்தான் அவை தலை குனிந்தன.

நெடுவாலன் கண்ணில் நீர் முட்ட, குளத்தைப் பார்த்தான். மான்களுக்கு எதிரே, இக்கரையை ஒட்டிய நாணல் அசைந்தது. நாணலுக்குள் மஞ்சளாய் ஓர் உடல். சிறுத்தை!

வாயைத் திறந்தான். "கஹ்!" என்று கத்த வேண்டும். கத்துவதற்கு நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். உப்பிய வயிறு நெஞ்சை மேலே நெட்டிக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போக இடமில்லை.

"ஹ்..." என்று ஒரு சத்தம். அவன் காதுக்கே எட்டவில்லை.

மறுபடி முயன்றான். "ஹ்..."

கிளையை உலுக்கலாம் என்றால் கையில் பலமில்லை. சிறுத்தை இன்னும் ஓரடி வைத்தது. அதன் கண் மின்னியின் மேலேயே இருந்தது. மின்னி தண்ணீரைக் குளம்பால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. "மேல இரு, அது போதும்" என்று செவ்வந்தி சொன்னது நெடுவாலனுக்கு நினைவு வந்தது. மேலேதான் இருந்தான். எதற்கும் உதவாமல் இருந்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிறுத்தை பாய்ந்தது.

நெடுவாலன் கையை விட்டான்.

அவன் தாவவில்லை, குதிக்கவில்லை, விழுந்தான். மளமளவென்று கிளைகளை முறித்துக்கொண்டு, இலையும் சுள்ளியும் கூடவே வர, குளக்கரைக்கு வந்து சேர்ந்தான். சிறுத்தையின் நகம் மின்னியின் காதில் பட்ட அதே நேரத்தில், வடையும் பஞ்சாமிர்தமும் நிறைந்த அந்தத் தொந்தி சிறுத்தையின் முதுகில் தொப்பென்று இறங்கியது.

மூடி திறந்துகொண்டது.

அப்படி ஓர் ஏப்பத்தை அந்தக் காடு அதற்கு முன்னால் கேட்டதில்லை. இடி இடித்ததோ என்று குளத்துத் தவளைகள் தண்ணீருக்குள் மூழ்கின. புளித்த இலையும் வெல்லமும் எண்ணெயும் கலந்த நாற்றம் நேராகச் சிறுத்தையின் மூக்கில் போய் அடித்தது. திரும்பிக் கடிக்க வாயைத் திறந்த சிறுத்தை தும்மியது. தும்மித் தும்மிக் கண்ணை மூடியது. அதற்குள் மான்கள் கூவிக்கொண்டு நாலாபுறமும் சிதறிவிட்டன. நெடுவாலனுக்கும் மூச்சு திரும்பிவிட்டது.

"கஹ்! கஹ்! கஹ்!"

ஒளிந்திருந்து பிடிக்கிற மிருகத்துக்கு, ஊரே பார்த்துவிட்டால் பிழைப்பு போச்சு. "இந்தச் சனியனைத் தின்னா எனக்கும் இதே கதிதான்!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சிறுத்தை நாணலுக்குள் போய் மறைந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் செவ்வந்தி திரும்பி வந்தாள். பின்னாலேயே மின்னி. அதன் இடது காது நுனி இரண்டாகக் கிழிந்து தொங்கியது. கழுத்து முழுக்க ரத்தம். நெடுவாலன் எழுந்திருக்க முடியாமல் சேற்றில் கிடந்தான்.

"என்ன தின்னே?" என்றாள் செவ்வந்தி.

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"நீ மேல இருக்கேன்னு நம்பித்தான் நான் என் பிள்ளையைத் தண்ணிக்குத் தள்ளிவிட்டேன்" என்றாள் கோபமாக. "நீ விழுந்து காப்பாத்தினே, அதை நான் மறக்கமாட்டேன். ஆனா நீ ஒழுங்கா இருந்திருந்தா விழுந்திருக்கவே வேண்டாம்."

நெடுவாலன் தலையைத் தூக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

செவ்வந்தி குட்டியின் காதை நக்கிவிட்டாள். பிறகு போய்விடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் போகவில்லை. அவன் பக்கத்திலேயே நின்று, காற்று வரும் திசைக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டாள்.

"நீ போ அக்கா. வெயிலு."

"மேல ஏற முடியாதவனைத் தரையில விட்டுட்டு எப்படிப் போறது? இன்னிக்கு நான் காவல். நீ ஏப்பம் விடற வேலையைப் பாரு."

பொழுது சாய்கிற நேரத்தில் தொந்தி ஒருவழியாகத் தணிந்தது. அப்போது பொக்கணன் கன்னம் புடைக்க வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு வடை மிச்சம் இருக்கு. வேணுமா?"

செவ்வந்தி காலைத் தூக்கினாள். பொக்கணன் இரண்டு கிளை மேலே போய்விட்டான்.

"நான் கெடுதல் நினைக்கலைண்ணே! எனக்கு நல்லா இருந்துச்சு, அதான் குடுத்தேன்!"

"தெரியும்டா" என்றான் நெடுவாலன். "உன் வயிறு ஓடற வயிறு. என்னுது ஊறற வயிறு. உன்னுதை நான் கடன் வாங்கப் பாத்தேன். அதுதான் தப்பு. நீ தின்னு."

மறுநாள் காலை அவன் கொழுந்து இலை தின்றான். அதுவும் கொஞ்சமாகத்தான். பிறகு உச்சிக் கிளையில் ஏறி, தொந்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உச்சி வெயிலில் மான்கள் கரைக்கு வந்தன. செவ்வந்தி அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நெடுவாலன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "கஹ்!" என்று ஒருமுறை கத்திக் காட்டினான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் குட்டியைத் தண்ணீருக்கு விட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். உச்சி வெயிலில் அவன் கத்திக் காட்ட வேண்டும், அப்புறம்தான் செவ்வந்தி குனிவாள். அதற்காக அவன் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோயில் பக்கமிருந்து பஞ்சாமிர்த வாசனை வரும்போதெல்லாம், அவன் கீழே இருக்கும் மின்னியின் கிழிந்த காதைத்தான் பார்ப்பான்.

தன் வயிற்றுக்கு ஏற்றதைத் தின்று, அது செரிக்கும்வரை பொறுத்திருக்காமல் அடுத்தவன் வயிற்றைப் பார்த்து வாயைத் திறப்பவன், தன் உடம்பை மட்டுமல்ல, தன்னை நம்பியிருப்பவர்களின் உயிரையும் ஆபத்தில் தள்ளிவிடுவான்.